அலமாரிக்குள் ஏழு பாட்டு

இது உண்மையாகவே நடந்த கதை. ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம், யார் தலை என்பதை மட்டும் பிறகு பேசிக்கொள்ளலாம். சரி, ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. அங்கங்கே கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. அலமாரிக்கு இரண்டு கதவுதான். சொல்கிற வேகத்தில் மூன்று கதவு என்று வந்துவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. லிஃப்ட் பாடியது ஐந்து மாடிக்குத்தான் கேட்டது. ஏழு மாடிக்கும் கேட்டது என்று வந்தால் மிச்ச இரண்டு மாடியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மனுஷன் அலமாரிக்குள் உட்கார்ந்து ஏழு பாட்டுப் பதிவு செய்தார் என்பது அப்பட்டமான நிஜம்.

அந்த மனுஷனைத் தூண் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ராக் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர். நாலே கம்பி, தடிமனான சத்தம், காதைவிட வயிற்றுக்குத்தான் அதிகம் கேட்கும். மேடையில் பாடுகிறவர் குதிப்பார். கிதார்க்காரன் முட்டி போட்டுச் சறுக்குவான். டிரம்ஸ்காரர் குச்சியை மேலே எறிந்து பிடிக்கப் பார்த்துக் கோட்டை விடுவார். இவர் மட்டும் நின்ற இடத்தில் நிற்பார். ஒருமுறை மேடைக்கு விளக்குப் போட வந்த ஆள், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இவர் தோளில் ஒரு விளக்கை மாட்டி, ஒயரை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டான். மூன்று பாட்டு முடிகிறவரை இவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர், பதினேழு வருஷமாக உரியவில்லை.

பேச்சும் அதே கணக்குத்தான். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிவிடலாம். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், கதவை உதைப்பார்கள், சொத்தை யார் யாருக்குப் பிரிப்பது என்று சத்தம் போட்டுச் சொல்லுவார்கள். இவர் வெளியில் நின்று, "வந்துட்டேன். பயப்படாதீங்க" என்பார். அவ்வளவுதான். அதில் அவர்களுக்கு எப்படியோ மூச்சு வந்துவிடும்.

குழுவில் மற்றவர்கள் இவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். பாடுகிறவர் ஒரு பல் டாக்டர். பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறப்பவர். பாட்டு எழுதுவதும் அவர்தான், குழுவுக்குத் தலையும் அவர்தான். டிரம்ஸ் வாசிப்பவர் வெல்டிங் பட்டறை அண்ணன். காது முக்கால்வாசி போய்விட்டது, மிச்சக் கால்வாசியில் தாளம் மட்டும் கேட்கும். கிதார்க்காரன் தூணின் மச்சினன், மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. ஜெராக்ஸ் கடையில் வேலை. மனைவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வேனில்தான் டிரம்ஸ் வரும், ஸ்பீக்கர் வரும், தூணும் வருவார். இறக்கிவிட்டுப் போகாமல் அவளும் உட்கார்ந்து கேட்பாள். நாலு பேர் குழுவுக்கு நிரந்தர ரசிகர் கூட்டம் அவள் ஒருத்திதான்.

இந்தக் குழுவில் யாருக்கும் இசையை எழுதத் தெரியாது, எழுதிக் கொடுத்தால் படிக்கவும் தெரியாது. அதனால் புதுப் பாட்டு என்றால் முதலில் ஒரு வழிகாட்டிக் குரலைப் பதிவு செய்வார்கள். "ஒன், டூ, த்ரீ, ஃபோர், பல்லவி வருது, இப்ப திருப்பம், இப்ப நிறுத்து" என்று ஒரு குரல் பாட்டுக்கு மேலேயே சொல்லிக்கொண்டு போகும். எல்லாரும் ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே வாசித்துப் பழகுவார்கள். பாட்டு மனப்பாடமானதும் அந்தக் குரலை ஊமையாக்கிவிட்டு இசையை மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். யாருக்கும் பிடிக்காத வேலை. ஆகவே அது தூணுக்கு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மனைவி வேனை எடுத்துக்கொண்டு போன ஒரு மத்தியானம், தூண் தனக்கென்று ஒரு பாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தார். கூடத்தில் பதிவு செய்தால் சுவரெல்லாம் திருப்பிப் பேசியது. குளியலறையில் குழாய் சொட்டியது. கடைசியில் மனைவியின் துணி அலமாரியைத் திறந்து பார்த்தார். கம்பளிக் கோட்டு, போர்வை, சட்டை என்று அடைந்து கிடந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கையைத் தட்டினார். சத்தம் அப்படியே துணிக்குள் அடங்கிவிட்டது. லிஃப்ட் கூண்டுக்குள் பாதி வாழ்க்கையைக் கழித்தவருக்கு அது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் விசேஷம். வழக்கப்படி வழிகாட்டிக் குரலை முதலில் பதிவு செய்தார். வெளியே வாயைத் திறக்காதவர், உள்ளே கேட்க ஆளில்லை என்றதும் திறந்தார் பாருங்கள், பதினேழு வருஷத்துப் பேச்சும் அணை உடைந்த மாதிரி வந்தது. திருப்பத்தைச் சொன்னார், அந்தத் திருப்பத்தில் யார் என்ன சொதப்புவார்கள் என்பதையும் சொன்னார். சொல்லி முடித்துச் சிரித்தார். பிறகு இசையைப் பதிவு செய்யும்போது, ஹெட்ஃபோனுக்கு வருகிற வழியில் மட்டும் அந்தப் பேச்சைக் குறைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொள்வார். இப்படி ஏழு பாட்டு.

நாலாவது பாட்டின்போது அலமாரிக் கதவு திறந்தது. அன்றைக்குப் பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டது.

"ஏங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"வேலை."

"என் துணிக்கு நடுவுல உங்களுக்கு என்ன வேலை?"

"எதிரொலிக்காது."

"நான் கத்துனா எதிரொலிக்குதான்னு பாத்துடலாமா? வெளிய வாங்க முதல்ல. கோட்டு மேல உக்காந்திருக்கீங்க!"

அவர் வரவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டார். அவள் கதவைப் பிடித்தபடி நின்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

"நல்லாருக்கே. யாரு பாடறது?"

"நான்."

"சும்மா சொல்லாதீங்க."

"நான்தான்."

"கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சு. இந்தக் குரலை எங்கங்க வெச்சிருந்தீங்க?"

அவர் அலமாரியைக் காட்டினார். மறுநாள் அவள் கோட்டை வெளியே எடுத்து மாட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தலையணையைப் போட்டு வைத்தாள்.

ஏழாவது பாட்டுக்கு அலமாரி போதவில்லை. அது லிஃப்டில் மாட்டிக்கொண்டவனின் பாட்டு. அதற்கு எதிரொலி வேண்டும், அதுவும் ஆழமான எதிரொலி. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மாதாந்திரச் சோதனைக்குப் போனவர், 'வேலை நடக்கிறது' பலகையை மாட்டிவிட்டு, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து, சட்டைப் பையில் மைக்கைச் செருகிக்கொண்டு பாடினார்.

"மேல போற பொத்தான அமுக்குனேன்,
பெட்டி நடுவழியில நின்னுடுச்சு.
மூணுக்கும் நாலுக்கும் நடுவுல
நானும் என் மூச்சும் மட்டும்.
யாராச்சும் வாங்க... அவசரமில்ல."

குரல் மேலே போய் முட்டி, கீழே வந்து குதித்து, மறுபடி மேலே போனது. ஏழு மாடியிலும் தட்டச்சுச் சத்தம் நின்றது. நாலாவது மாடி மேனேஜர் லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனி சூப்பர்வைசர் தூணுக்குப் போட்டார்.

"யோவ், அங்க லிஃப்ட் பாடுதாம்யா. என்னன்னு பாரு."

"பாத்துட்டேன் சார்."

"என்ன கோளாறு?"

"எண்ணெய் போட்டா நின்னுடும் சார்."

மறு வாரம் அதே மேனேஜர் மறுபடி புகார் கொடுத்தார்: லிஃப்ட் இப்போது பாடுவதில்லையாம். அதையும் சரி செய்ய வேண்டுமாம்.

இந்த நேரத்தில்தான் பல் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். ஸ்டுடியோவில் மூன்று நாள் இடம் கிடைத்திருக்கிறது, ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வேண்டும், ஒன்பது தயார். "பத்தாவது இடம் காலியா இருக்கு. யாருகிட்டயாவது பாட்டு இருந்தா ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றார். சொல்லும்போது மச்சினனைப் பார்த்தார், வெல்டிங் அண்ணனைப் பார்த்தார். தூணைப் பார்க்கவில்லை. தூணிடம் பாட்டுக் கேட்க யாருக்குத் தோன்றும்? சுவரிடம் நேரம் கேட்பது மாதிரி.

போன ஆல்பத்துக்கும் இந்த ஆல்பத்துக்கும் நடுவே எட்டு வருஷம் ஓடியிருந்தது. அடுத்தது வருவதற்குள் தூணுக்கு ஐம்பது ஆகிவிடும், வெல்டிங் அண்ணனுக்கு மிச்சக் கால்வாசிக் காதும் போய்விடும். லிஃப்ட் பாட்டு இந்தப் பத்தாவது இடத்தில் ஏறவில்லை என்றால் அலமாரியிலேயே கிடந்து பூச்சி அரித்துப் போகும். ஏறினாலும் டாக்டர் பாடினால் அது டாக்டர் பாட்டு ஆகிவிடும். தூணுக்கு இரண்டும் வேண்டும்: பாட்டும் ஏற வேண்டும், தானே பாடவும் வேண்டும்.

"குடுக்கறது பெரிசில்ல. யாரு பாடறதுன்னு நீங்கதான் வாயத் தொறந்து சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், தெரிஞ்சுக்கங்க" என்றாள் மனைவி.

"ம்."

"அங்கயும் 'ம்'னு சொன்னீங்கன்னா வேன்ல ஏத்த மாட்டேன். நடந்து வாங்க."

சனிக்கிழமை தூண் பாட்டைப் பென்டிரைவில் ஏற்ற உட்கார்ந்தார். லிஃப்ட் கதவை மூடுவதற்கு முன் மூன்று தடவை பார்க்கிற மனுஷன், பாட்டையும் ஹெட்ஃபோனில் மூன்று தடவை கேட்டார். வழிகாட்டிப் பேச்சு துளிக்கூட இல்லை, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. திருப்தியாக ஏற்றினார். அங்கேதான் வினை. இரண்டு வருஷமாகக் கைபழகின வழக்கம்: பேச்சை அவர் குறைத்திருந்தது ஹெட்ஃபோனுக்கு வரும் வழியில் மட்டும்தான். வெளியே போகும் பாட்டில் அது முழுச் சத்தத்தோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அவர் காதைத் தவிர உலகத்தில் எல்லாக் காதுக்கும் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெல்டிங் பட்டறையில் இரும்புக் கேட்டுகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஆளுக்கு ஒரு இடம் பிடித்தார்கள். டாக்டர் ஒரே நாற்காலியில். மச்சினன் தரையில். வெல்டிங் அண்ணன் டிரம்ஸுக்குப் பின்னால். மனைவி ஸ்பீக்கர் பெட்டிமேல். மச்சினன் லேப்டாப்பில் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினான். அதில் பாட்டே இல்லை, எல்லாம் சோலோ, கிதாரின் தனி வாசிப்பு. டாக்டர் தாடையைத் தடவினார்.

"வேற யாராச்சும்?"

தூண் பென்டிரைவை நீட்டினார்.

"உன்கிட்டயா? இதுல என்ன, லிஃப்ட் ரிப்பேர் வீடியோவா?" என்றார் டாக்டர்.

"மாமா பாட்டா? மாமாவுக்குப் பேச்சே வராது, பாட்டு எங்கருந்து வரும்?" என்றான் மச்சினன்.

"டேய், வாய மூடிக்கிட்டுப் போடுடா" என்றாள் அக்கா.

போட்டான். முதலில் பேஸ் வந்தது, லிஃப்ட் மோட்டார் உறுமுகிற மாதிரி, நிதானமாக. எல்லாரும் தலையை ஆட்டத் தொடங்கினார்கள். அப்புறம் அந்தக் குரல், பட்டறை அதிர.

"ஒன், டூ, த்ரீ, ஃபோர். அண்ணே, டிரம்ஸோட உள்ள வாங்க. வரல. வாங்கண்ணே... வந்துட்டாரு. இனிமே வேகமா போவாரு. போகட்டும், வீட்ல அவரு வேகமா செய்யற காரியம் எதுவும் இல்ல."

தூண் முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப்பை நோக்கி ஓரடி வைத்தார். பதினேழு வருஷத்தில் அவர் இடம் மாறியது அதுதான் முதல் தடவை. மனைவி பெட்டிமேலிருந்தே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"நில்லுங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்."

"யாருடா பேசறது?" என்றார் வெல்டிங் அண்ணன்.

"மாமா!" என்றான் மச்சினன், பேயைப் பார்த்தவன் மாதிரி.

குரல் நிற்கவில்லை. "பல்லவி முடிஞ்சது. இப்ப டாக்டர் கண்ணை மூடுவாரு. உருக்கம்னு ஜனங்க நெனைச்சுக்கும். ஒண்ணும் இல்ல, வரி மறந்துபோச்சு. நாலு எண்ணுங்க, வந்துடும்."

வெல்டிங் அண்ணன் சிரித்த சிரிப்பில் சாய்த்து வைத்த கேட் ஒன்று சரிந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தார், சிமிட்டக்கூட பயந்தவர் மாதிரி.

"இப்ப மாப்பிள்ளை சோலோ. பதினஞ்சு செகண்டுன்னு சொல்லி வெச்சிருக்கு. எல்லாரும் உக்காருங்க, ரெண்டு நிமிஷம் ஆகும்."

"அக்கா, பாத்தியா உன் வீட்டுக்காரரை!"

"சொன்னதுல என்னடா தப்பு?" என்று அக்கா வாயை மூடுவதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

"இந்த இடத்துல என் வீட்டுக்காரி கை தட்டுவா. பாட்டு முடிஞ்சிருக்காது. எப்பவும் தப்பான இடத்துலதான் தட்டுவா. ஆனா அவ தட்டலன்னா எனக்கு அடுத்த வரி வராது."

மனைவி சட்டையைப் பிடித்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். விட்டுவிடவில்லை.

"சரி. இப்ப தூணு பாடப் போறான். யாரும் சிரிக்காதீங்க. சிரிச்சாலும் மெதுவா சிரிங்க."

ஏழு மாடி ஆழத்திலிருந்து அந்தப் பாட்டு வந்தது. யாராச்சும் வாங்க, அவசரமில்ல. பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. வெல்டிங் அண்ணன் தன்னை அறியாமல் முட்டியில் தாளம் போட்டார், கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்தார். மச்சினன் கையில் இல்லாத கிதாரை வாசித்தான். பாட்டு முடிவதற்கு எட்டு விநாடி இருக்கும்போது மனைவி கை தட்டினாள்.

சத்தம் அடங்கிற்று. தூண் தரையில் கிடந்த ஒரு போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு வருஷத்துச் சிநேகிதம் மூன்றே முக்கால் நிமிஷத்தில் முடிந்தது என்று நினைத்தார். நாளைக்கு வேறு யாராவது வந்து இந்த இடத்தில் நிற்பார்கள், நகராமல்.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் டாக்டர்.

போட்டார்கள். இரண்டாம் தடவை டாக்டர் உதடு கூடவே அசைந்தது. முடிந்ததும் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பத்தாவது பாட்டு இதுதான். பேச்சுவார்த்தையே வேணாம். நாளையிலருந்து நான் பழக ஆரம்பிக்கறேன்."

மனைவி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்றால் சொல்ல மாட்டாள். தூண் வாயைத் திறந்தார். மூடினார். லிஃப்ட் கதவு மாதிரி இரண்டு தடவை திறந்து மூடிய பிறகு மூன்றாம் தடவை திறந்தபடி நின்றது.

"இல்ல டாக்டர்."

"என்ன இல்ல?"

"நான் பாடறேன்."

"நீயா? மேடையிலயா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. அது என் பாட்டு."

டாக்டர் மற்றவர்களைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான். வெல்டிங் அண்ணன் குச்சியைப் பார்த்தார்.

"அப்ப நான் என்ன பண்றது? சும்மா நிக்கறதா?"

"நிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல டாக்டர். நான் சொல்லித் தர்றேன்" என்றார் தூண்.

வெல்டிங் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமலாக வந்தது. "சரிய்யா, நீயே பாடித் தொலை. ஆனா ஒண்ணு, அந்தப் பேச்சு மொத்தத்தையும் அழிச்சுடணும். என் பேஷண்ட்டுங்க கேப்பாங்க."

"அழிக்கறதா? அதான் பாட்டுலயே நல்ல இடம்! அது இல்லாட்டி நான் குச்சியத் தொடவே மாட்டேன்" என்றார் வெல்டிங் அண்ணன்.

"அண்ணே, உங்களுக்கென்ன, பாதி கேக்கல! உங்க வீட்டு வேகத்தப் பத்தியும்தான் சொல்லிருக்காரு!" என்றான் மச்சினன்.

"என்ன சொன்னான்? எங்க, மறுபடி போடு!"

"என் சோலோ வர்ற இடத்த மட்டும் அழிச்சா போதும்" என்றான் மச்சினன்.

"உன் இடத்த அழிச்சா என் இடத்தயும் அழிக்கணும்!" என்றார் டாக்டர்.

"யாரு இடத்தயும் அழிக்க விட மாட்டேன்," மனைவி பெட்டியிலிருந்து குதித்து இறங்கினாள், "அது இருக்கட்டும், எது தப்பான இடம்? ஏங்க, எது தப்பான இடம்? தட்டிக் காட்டுங்க!"

"எட்டு செகண்டு முன்னாடிம்மா."

"ஏழு! நான் எண்ணுனேன்!"

"நான் கண்ண மூடறது உருக்கத்துலதான்! கேளுங்கய்யா! உருக்கம்!" என்று டாக்டர் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்.

"அப்ப ரெண்டாவது பாட்டுல மூணாவது வரி என்ன? கண்ணத் தொறந்துக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம்!" என்றாள் மனைவி.

டாக்டர் கண்ணைத் திறந்துகொண்டு யோசித்தார். நாலு எண்ணுகிற நேரம் ஆயிற்று. ஆறு எண்ணுகிற நேரமும் ஆயிற்று. அதற்குள் மச்சினன் கிதாரை ஒயரில் செருகி, முட்டி போட்டு, "இப்ப பாருங்க! பதினஞ்சே செகண்டு! யாராச்சும் எண்ணுங்க!" என்று ஆரம்பித்துவிட்டான். வெல்டிங் அண்ணன் கேட்டின்மேல் குச்சியால் தட்டித் தட்டி எண்ணினார். மனைவி நடுவில் புகுந்து கை தட்டினாள். "இன்னும் முடியலக்கா!" என்றான் தம்பி. "எனக்கு முடிஞ்சுது!" என்றாள் அக்கா. தூண் இரண்டு கையையும் தூக்கி ஏதோ சொன்னார், ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"நாப்பத்தஞ்சு!" என்று கத்தினார் வெல்டிங் அண்ணன். "நாப்பத்தாறு! நாப்பத்தேழு!"

"நான் இப்பதான் ஆரம்பிச்சேன்! நீங்க எண்ணறதே வேகமா இருக்குண்ணே!"